கதிரையில் இருந்தவள்

எங்கள் வளாகத்தின் மாணவர் சங்க அறையில் ஒரு பழைய தேக்குக் கதிரை உண்டு. அதற்கு மேலே சுவரில் தலைவர்களின் பெயர்ப்பலகை. யுத்தத்தால் தேர்தல் நடக்காத வருடங்களுக்கு நேரே வெறும் பலகைதான். சங்கம் தொடங்கிய புதிதில் இரண்டு பேர் "நான்தான் தலைவர்" என்று மல்லுக்கு நின்றார்களாம். மூத்தவர்கள் கூடி ஒரு வழக்கம் வைத்தார்கள்: அங்கத்தவர் முன்னால் அந்தக் கதிரையில் யார் இருந்தாரோ, அவரே தலைவராக இருந்தவர். எங்கள் பேச்சில் உட்காருவதற்கும் இருப்பதற்கும் ஒரே சொல். அந்தச் சொல்தான் ஏறாவூர் ஸாதியாவை இத்தனை காலமும் பலகைக்கு வெளியே நிறுத்தி வைத்தது.

ஸாதியா விடுதியில் என் அறைத்தோழி. தகப்பன் நௌஷாட் மீன் வியாபாரி. சந்தையில் வளர்ந்த வாய் என்பதால் வாதாட்டத்தில் அவளை வெல்ல ஆளில்லை. 2019இல் தலைவர் தேர்தலில் நின்றாள். அவளும் மண்டூர் அருமைநாயகமும் சரிக்குச் சரி வாக்கு எடுத்தார்கள்.

"கோயில் திருவிழாவுக்கு முறை வைக்கிற மாதிரி வைப்பம். முதல் அரைவாசி நான், மற்ற அரைவாசி நீங்க" என்றான் அருமைநாயகம்.

"முதல் பாதியைக் கேளு புள்ள" என்று நான் அவள் காதைக் கடித்தேன். ஊருக்கெல்லாம் வாதாடுகிறவள் தனக்கென்று வரும்போது ஊமையாகிவிடுவாள். அருமைநாயகம் சொன்னதற்கே ஓம் என்று தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பயந்தபடியே, அவள் முறை தொடங்குகிற நேரம் கொரோனா வந்து வளாகத்தை இழுத்து மூடினார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பாடமெல்லாம் சூமுக்குப் போனது. என் ஊர் பழுகாமம். வயல்வட்டை வரம்பில் போய் நின்றால்தான் சிக்னல் வரும். மழை வந்தால் அதுவும் இல்லை. வகுப்பு வரவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்பது விதி. என்னைப் போன்ற வாவிக்கு மேற்கேயுள்ள பிள்ளைகள் எல்லோரும் படிப்பு போய்விட்டது என்றே நினைத்தோம்.

ஸாதியா வீட்டில் முற்றத்து மாமரத்தின் கீழேதான் சிக்னல் நன்றாக இருக்கும். அங்கே ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, காலையிலிருந்து போனும் கையுமாக இருந்தாள். யாரிடம் போன் இல்லை, யார் வீட்டில் மின்சாரம் இல்லை என்று எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தாள். பீடாதிபதியோடு பேசினாள். பதிவாளரோடு பேசினாள். மறுத்தால் மறுநாளும் பேசினாள். "புள்ள கதிரையோட ஒட்டிப் போச்சு" என்று அவளுடைய உம்மா சொல்வது போனில் எனக்கே கேட்கும். கடைசியில் வரவு விதியைத் தளர்த்தினார்கள், பாடங்களைக் குரல்பதிவாக அனுப்பினார்கள். நான் பட்டதாரியானது அவளால்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

வளாகம் திறந்தபோது அவளுடைய பதவித் தவணை முடிந்திருந்தது. பலகையில் முழு வருடத்துக்கும் அருமைநாயகத்தின் பெயர். நான் ஆத்திரத்தில் குதித்தேன். அவள், "விடு அன்னம், பேர் சோறு போடுமா?" என்று சிரித்தாள்.

இப்போது நானும் அவளும் ஒரே பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். போன மாதம் சுலோஜனா என்ற மாணவி அலுவலகத்துக்கு வந்தாள். சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கிறாளாம்.

"ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இங்க தலைவரா இருந்ததில்லை எண்டு சொல்லித்தான் எனக்கு வாக்குப் போட வேணாமெண்டு திரியிறாங்க. அக்கா, நீங்க இருந்தீங்களா, இல்லையா?"

ஸாதியா சிரிக்கவில்லை. பேர் சோறு போடாவிட்டாலும் இன்னொருத்தியின் சோற்றில் மண் போடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இருந்தன்" என்றாள்.

சங்கப் பொதுக்கூட்டத்துக்கு முச்சக்கரவண்டியில் அந்த நீலக் கதிரையோடு வந்து இறங்கினாள். ஒரு கைப்பிடி வெடித்து, தகப்பனின் தூண்டில் தங்கூசி நூலால் கட்டியிருந்தது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மண்டபம் சிரித்தது.

சுலோஜனாவுக்கு எதிராக நிற்கும் பையன் எழுந்தான். நல்ல பிள்ளைதான். "அக்கா, வழக்கம் தேக்குக் கதிரை. அதுல இப்ப ஒருக்கா இருங்க. உங்கட பேரையும் எழுதிருவம்."

"இப்ப இருந்தா, இப்பத்தான் இருந்தன் எண்டாகும் தம்பி. நான் அப்ப இருந்தன். இந்தக் கதிரையிலதான்."

சிரிப்பு நின்றது. ஆனால் சரி என்று சொல்லவும் யாருமில்லை. முன்னாள் தலைவர்களின் வரிசையிலிருந்து அருமைநாயகம் எழும்பினான். வாக்கில் சரிக்குச் சரி நின்றவன், இப்போது வங்கியில் வேலை.

"என்ட முறையில நான் தேக்குக் கதிரையில இருந்தன்" என்றான். "அவட முறையில நான் வீட்ட இருந்தன். ஸாதியாதான் தலைவரா இருந்தா. என்ட பேருக்குக் கீழ எழுதுங்க."

கைகள் உயர்ந்தன, எதிர்த்து நின்ற பையனுடையதும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் முடிந்ததும் நான் நீலக் கதிரையைத் தூக்கப் போனேன். ஸாதியா என் கையைப் பிடித்தாள்.

"விடு அன்னம்" என்றாள். "இருக்கட்டும்."