எட்டு பத்து பேருந்தும் பசை அக்காவும்

நகராட்சிப் பேருந்து அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பசை வாளி இருந்தன. வருகைப் பதிவேட்டில் 'விளம்பர உதவியாளர்' என்று பெரிய பெயர். ஊரோ அவளைப் பசை அக்கா என்றுதான் கூப்பிட்டது. அந்தச் சின்ன நகரத்துக்குள் முதல்முறையாகப் பேருந்து விட்டு ஐந்து மாதம் ஆகிறது. நிறுத்தம் நிறுத்தமாகப் போய் நேர அட்டவணை ஒட்டியவள் அவள்தான். ஓரம் பிரியாமல், சுருக்கம் விழாமல், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோலத் தடவி ஒட்டுவாள்.

ஏழாம் எண் அட்டவணையை மட்டும் இன்னும் இரண்டு தடவை கூடுதலாகத் தடவுவாள். காரணத்தைச் சொல்லவும் வேண்டுமா? அந்த வண்டியை ஓட்டுகிறவர் அவள் கணவர்.

அந்த ஏழாம் எண்தான் இப்போது அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மற்ற வண்டிகளில் கூட்டம் நெரிய, இதில் மட்டும் ஆளே ஏறவில்லை. மேலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசியில நானே ஏறி எண்ணுவேம்மா. காலை வண்டியில இருபது பேராவது இல்லேன்னா, ஏழாம் நம்பரை நிறுத்திடுவோம்."

வண்டி நின்றுபோனால், ஐம்பத்துநாலு வயதில் அந்த மனிதரை யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போகிறார்கள்?

அவள் கடை கடையாக ஏறி இறங்கித் துண்டுச்சீட்டு கொடுத்தாள். ஆயத்த ஆடை நிறுவனத்து வாசலில் ஒரு தையல்காரி சீட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"நோட்டீஸ் எல்லாம் கலர் கலரா ஜோரா இருக்குக்கா. பஸ்ஸைத்தான் காணோம். எட்டு பத்துன்னு போட்டிருக்கீங்க. நாங்க எட்டு அஞ்சுக்கே ஓடி வந்தாலும் அதோட முதுகுதான் தெரியுது."

"சும்மா சொல்லாதடி. அவர் ஒருநாள்கூட லேட்டா வண்டி எடுத்ததில்ல."

"லேட்டுன்னு யாரு சொன்னா? நேரம் வர்றதுக்குள்ள அவர் போயிடறார்!"

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை அந்த நிறுத்தத்திலேயே போய் நின்றாள். கம்பத்துக்குப் பின்னால் குனிந்து பசையைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஏழாம் எண் வந்தது. அதே வேகத்தில் போனது. கடிகாரத்தில் எட்டு நாலு. "ஏங்க! ஏங்க!" என்று வாளியோடு ஓடினாள். வாளியில் இருந்ததில் பாதி அவள் மேலேயே கொட்டியதுதான் மிச்சம்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இருபத்திரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் அவர். அவர் கைக்கும் காலுக்கும் தெரிந்த ஒரே பாடம், சொன்ன நேரத்துக்கு முன்னால் போய்ச் சேருவது. நிறுத்தத்தில் ஆள் இல்லை என்பதால் அவர் நிற்பதில்லை. அவர் நிற்காமல் முன்னதாகவே போய்விடுவதால் ஆள் ஏறுவதில்லை.

அன்று மாலை, அவர் காலணியைக் கழற்றும் வரை காத்திருந்து சொன்னாள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இத்தனை வருஷத்துல ஒருநாள் லேட்டா போயிருப்பேனா? ஒருத்தர் விரலை நீட்டியிருப்பாங்களா?"

"சீக்கிரமா போறீங்க. அதாங்க வம்பே. உங்க பஸ்ஸுல படுத்துக்கிட்டு யாரும் வர்றதில்ல. அவங்க ஓடி வந்து ஏறணும்."

இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். பார்த்துப் பார்த்து வளர்த்த உறவு ஒரே சொல்லில் உடைந்துவிட்டதோ என்று அவள் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அவர் கேட்டார்:

"அந்தத் தையல்காரி எந்தப் பக்கத்துலேருந்து ஓடி வரும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றே தூரிகை எடுத்துப் புதுத் தாள் எழுதினாள்: 'குறித்த நேரத்துக்கு முன் ஏழாம் எண் புறப்படாது. இது ஓட்டுநரின் வாக்கு.'

"என்னைக் கேக்காம என் வாக்கைக் கொடுத்துட்டியா?"

"கல்யாணத்தன்னிக்கே மொத்தமா வாங்கிட்டேன். இப்ப சில்லறையா கொடுக்கறேன்."

சொன்னபடி அவர் நின்றார். சும்மா நிற்பது அவருக்குப் பெரும் பாடாக இருந்தது. ஸ்டியரிங்கில் விரல் தாளம் போடும், கழுத்து வியர்க்கும். ஆனாலும் நின்றார். நாளுக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று கூடினார்கள். ஏறுகிறவர்கள் "நல்லவேளை நின்னீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆம்புலன்ஸில் அவர் முகம் பார்த்து அப்படிச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

மாதக் கடைசி நாளும் வந்தது. மேலாளர் முன் இருக்கையில் கையில் தாளோடு உட்கார்ந்தார். பசை அக்கா பின் இருக்கையில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு, தலைகளை எண்ணினாள். பதினேழு. தையல்காரியின் நிறுத்தத்தில் மணி எட்டு பத்து ஆனது. அங்கே ஒருவரும் இல்லை. தெருக்கோடியில் மட்டும் தையல்காரியும் தோழிகளும் ஓடி வருவது தெரிந்தது.

"நேரம் ஆச்சுப்பா, எடு" என்றார் மேலாளர்.

வாழ்நாளில் ஒருமுறைகூடத் தாமதிக்காத அந்தக் கை, கியரிலிருந்து விலகியது.

"ஆகட்டும் சார். ஒரு நிமிஷம்."

மூச்சிரைக்க ஆறு பேர் ஏறினார்கள். மேலாளர் எழுதிக்கொண்டார். கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது, "இருபத்திமூணு. வண்டி ஓடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை கம்பத்தில் புது மாத அட்டவணையை ஒட்டும்போது பக்கத்தில் அவர் வந்து நின்றார். வாளியை வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு நிமிஷம் லேட்டாமே?" என்றாள் அவள், திரும்பாமலே.

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"சொல்லட்டும்" என்றவர், காற்றில் பறந்த தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். பசை காயும் வரை கையை எடுக்கவேயில்லை.