தொப்புளைச் சுற்றி ஒரு நரகம்

வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைத் தடவிப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கு முன் வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்னைக் கடித்தது நான் வளர்த்த நாய். அதற்கு எமன் என்று பெயர் வைத்தவனும் நான்தான்.

தோட்டத்து வாசிப்பு மன்றத்தில் ‘மறுமை உண்டா?’ என்று முக்கால் மணி நேரம் பேசிய வாரம் அது. சொர்க்கம் ஏழைக்குக் காட்டும் மிட்டாய், நரகம் அவன் முதுகுக்குக் காட்டும் பிரம்பு என்று நிரூபித்துக் கைதட்டல் வாங்கியிருந்தேன். அந்த உற்சாகத்தில்தான் ஆபீஸ் வாசலில் ஒண்டிய குட்டிக்கு அந்தப் பெயர். “எமனுக்கு ரெண்டு வர்க்கி பிஸ்கட்டு போடுங்கப்பா” என்று நாலு பேர் காதுபடச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நாற்பத்தேழு வயதில் மனிதனுக்கு வேறென்ன பெருமை மிஞ்சுகிறது.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தலைமைக் குமாஸ்தா. இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் தகரப்பெட்டிகளோடு லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். அப்படி வந்தவர்களில் ஒருத்தி மாரியாயி. கொழுந்து பறிப்பவள், நாற்பது வயதிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலையில், பேர் கூப்பிடும் இடத்தில், எமன் அவள் கையைக் கடித்தது.

“ஐயா, ஒங்க நாயி புடிச்சிருச்சுங்க” என்று நீட்டினாள். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு ஓட்டை.

“பல்லுதான் பட்டிருக்கு. சுண்ணாம்பு வெச்சுக்கிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போ” என்றேன். சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும். கழுவச் சொல்லவில்லை. இதைப் படிப்பவர்கள் கழுவுங்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

புதன்கிழமை வர்க்கி போடக் குனிந்தபோது என் கெண்டைக்காலைக் கடித்தது. வெள்ளிக்கிழமை எமனின் தாடை தொங்கிவிட்டது; எச்சில் நூலாக வழிந்தது; குரைப்பு வேறு யாருடையதோ போலிருந்தது. மத்தியானம் சாமான் அறைப் படிக்கட்டுக்கு அடியில் செத்துக் கிடந்தது. சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் நானே குழி தோண்டிப் புதைத்தேன். கேட்டவர்களிடம் ஓடிப்போய்விட்டது என்றேன். ஆபீசில் நாய் கூடாது என்று மேனேஜர் இரண்டு முறை எழுத்தில் கொடுத்திருந்தார். ஒரு சாவை மறைக்க அது எனக்குப் போதுமான காரணமாகப் பட்டது.

சனிக்கிழமை தனியாகக் குன்னூருக்கு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வயிற்றைப் பிடித்தபடி ஒரு வரிசை. ரேபிஸ் (வெறிநாய்க்கடியால் மூளையைத் தாக்கும் நோய்) வந்துவிட்டால் மருந்து கிடையாது. வருமுன் போடும் தடுப்பூசிதான் எல்லாம். பதினான்கு நாள், நாளுக்கு ஒன்று, தொப்புளைச் சுற்றி.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். “நாய் இருக்கா?”

“செத்துப் போச்சுங்க.”

“வேற யாரையாவது கடிச்சுதா?”

“இல்லைங்க.”

அதையும் எழுதிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே ஒழுங்காகத் தெரியாது. ஆமாம் என்றால் எப்போது, யாரை, ஏன் கூட்டி வரவில்லை என்று கேள்விகள் வரிசையாக வரும். திங்கட்கிழமை மாரியாயியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே வாய்தா வாங்கிக்கொண்டேன்.

அன்று பிடித்தது பயம். ஹைட்ரோபோபியா (தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் அறிகுறி) பற்றி எப்போதோ படித்திருந்தேன்; நிறையப் படித்தவனுக்கு இதுதான் தண்டனை. ஒரு தம்ளர் தண்ணீரை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாய் குடிப்பேன். இறங்கியது சரியாக இறங்கியதா என்று யோசிப்பேன். யோசித்தால் யாருக்கும் இறுகும்.

“ஏனுங்க, அந்தத் தண்ணியக் குடிக்கறதா, அதுகூடப் பேசறதா?” என்றாள் என் மனைவி சரோஜா. அவளுக்குக் கடியும் தெரியாது, ஊசியும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஊசி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான், நான் பயப்படுவது நோய்க்கு மட்டுமல்ல என்பது புரிந்தது. நரகத்துக்கும் பயந்துகொண்டிருந்தேன்.

என் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். போனவர் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. அறுபது வருடத் தப்புக்கு முடிவில்லாத தண்டனை என்பது எந்த நியாயத்திலும் சேராது. பயந்து செய்யும் நல்லது நல்லதே அல்ல. ஒன்றிலும் ஓட்டை இல்லை. ஆனால் அவையெல்லாம் யாரோ மேடையில் கேட்ட கேள்விக்குப் பதில்கள்.

என் கேள்வி வேறு. மாரியாயி தொழிலாளர் லயத்து வீட்டில் நுரை தள்ளிச் செத்தால், யாருக்குத் தெரியும்? நாய் மண்ணுக்கடியில். டாக்டரம்மாவின் தாளில் ‘இல்லை’. நான் நிரூபித்த உலகத்தில் என்னை ஏனென்று கேட்க ஓர் ஆள் கிடையாது. நியாயப்படி எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். குலைநடுக்கம் வந்தது. இந்த மண்ணில் எந்த ஆபீசிலும் தங்கள் புகார் எடுபடாதவர்கள், மேலே ஓர் ஆபீஸ் இருக்கிறது என்று ஏன் நம்புகிறார்கள் என்பது, புகாருக்கு உரியவனாக உட்கார்ந்தபோது எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் அதே பஸ்ஸில் புரிந்தது. அப்படி ஓர் ஆபீஸ் இருந்து, என்னை எண்ணெயில் போட்டு எடுத்தாலும், அதில் ஒரு சொட்டு மருந்துகூட அவள் உடம்பில் ஏறாது. தண்டனை எனக்கு உதவலாம். அவளுக்கு உதவாது.

இவ்வளவு தெளிந்த பிறகும் திங்கட்கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. அவள் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அதையே சாக்காக எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பேர் கூப்பிடும்போது அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். “காயம் ஆறிருச்சுங்க. கைதான் மதமதன்னு இருக்கு.”

கடித்த இடம் மதமதப்பது முதல் அறிகுறியாக இருக்கலாம் என்றும் படித்திருந்தேன். அவளை ஓரமாகக் கூப்பிட்டு, எமன் வெறி பிடித்துச் செத்ததைச் சொல்லிவிட்டேன்.

“எப்பங்க செத்துச்சு?”

“வெள்ளிக்கிழமை.”

“நீங்க ஊசி போட்டுக்கிட்டீங்களா?”

“மூணு.”

“மூணு” என்று திருப்பிச் சொன்னாள். திட்டவில்லை. என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு, “பதினாலு நாளு போனா எம் பேர வெட்டிருவீங்களேய்யா” என்றாள்.

அது உண்மை. தற்காலிகப் பதிவில் இருப்பவர்கள் தொடர்ந்து ஒரு வாரம் வராவிட்டால் பேர் நீக்கப்படும். நீக்குவது என் கை. கடலைத் தாண்டி வந்து பிடித்த ஒரே பிடி அவளுக்கு அது. உயிருக்கும் பேருக்கும் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள், நான் செய்த வேலையால்.

மேனேஜரிடம் இருவரும் போனோம். நாய் என்னுடையது, வெறி பிடித்துச் செத்தது, வேலை நேரத்தில் கடித்தது, மறைத்தது நான் என்று சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசினார். எனக்கு மெமோ, அவளுக்குச் சம்பளத்தோடு லீவு. அடுத்த பஸ்ஸில் குன்னூர்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “நீங்க படிச்சவர்தானே?” என்று கேட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். மதமதப்பு சுண்ணாம்புப் புண்ணாலும் இருக்கலாம், மற்றதாலும் இருக்கலாம் என்றார். கையில் கடித்தால் மூளைக்குத் தூரம் குறைவு என்றும் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும்.

அதற்குப் பிறகு தினமும் ஒரே பெஞ்சு. என் ஊசி முடிந்த பிறகும், அவளுடையது முடியும்வரை கூடப் போனேன். வயிறு கல்லாக வீங்கியிருக்கும். குனிந்து செருப்பு மாட்ட முடியாது. அவள் தண்ணீர் குடிக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையைப் பார்ப்பேன். அவள் கவனித்துவிட்டு, “எறங்கிருச்சுங்க” என்பாள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். “மாரியாயி, செத்ததுக்கப்புறம் கேள்வி இருக்குன்னு நீ நம்பறியா?”

“இல்லாமயாங்க? கண்டியில கேட்டாங்க, மண்டபம் கேம்ப்ல கேட்டாங்க, இங்க லாரிய விட்டு எறங்குனதும் நீங்க கேட்டீங்க. பேரு, அப்பன் பேரு, பொறந்த தோட்டம். அங்க மட்டும் கேக்காம உட்ருவாங்களா?”

“தப்பு செஞ்சவங்களுக்குத் தண்டனை?”

“மொதல்ல கியூ நகரணுமேங்க” என்று சொல்லிவிட்டு, அவள் முறை வந்ததால் எழுந்து போனாள்.

அவள் கை நாலைந்து நாளில் சரியானது. ஆனால் ஊசியோடு இது முடிவதில்லை. இன்குபேஷன் (கிருமி வெளியே தெரியாமல் உடம்பில் தங்கும் காலம்) பல மாதம், ஒரு வருடம்கூட இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடம் எனக்கு நாட்களாகப் போகவில்லை; மடக்கு மடக்காகப் போனது. கால் என் கால் இல்லை, என்னிடம் விட்டுவைக்கப்பட்ட ஒன்று. காலையில் பேர் கூப்பிடும்போது முதலில் அவள் குரல் வருகிறதா என்று பார்ப்பேன்; வந்த பிறகுதான் என் கெண்டைக்கால் ஞாபகம் வரும்.

நரகம் இருக்கிறது என்று இப்போதும் நான் நம்பவில்லை. ஆனால் அன்று என் வாயைத் திறக்க வைத்தது என் வாதங்கள் அல்ல, அந்தப் பயம்தான். அதனால் மன்றத்தில் மறுபடி பேசக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

வருடம் முடிந்த அன்று, கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய் மாரியாயியின் முன்னால் நின்றேன். மன்னிப்புக் கேட்க நாலைந்து வாக்கியம் தயார் செய்திருந்தேன். சுமாராக நன்றாகவே வந்திருந்தன. இரண்டாவது வாக்கியத்தில் அவள் கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள்.

“அதெல்லாம் மேல போயிப் பேசிக்கலாங்கய்யா. இப்பத் தள்ளி நில்லுங்க, கொழுந்து வாடுது.”