கமலாவின் இடது கண்

இரண்டு வாரமாக இந்தப் பத்தி வரவில்லை. மருத்துவமனையில் இருந்தேன். படுக்கையில் அல்ல... பக்கத்து நாற்காலியில்.

படுக்கையில் என் மனைவி கமலா.

நான் எதையும் எண்ணுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் அடுக்குமாடி புளோக் வாசலிலிருந்து ஆங் மோ கியோ எம்ஆர்டி ரயில் நிலையம் வரை எத்தனை காலடி என்று தூக்கத்திலும் சொல்வேன். தினமும் மூன்று முறை என் பிரஷரைப் பார்ப்பேன். நோட்டில் எழுதுவது கமலா.

போன மாதம் தேக்கா சந்தையில் காய் வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்தோம். சட்டென்று கமலா ஒரு கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க, இடது கண்ணு இருட்டிடுச்சு. திரை இறங்கின மாதிரி இருக்கு.”

“கண்ணாடியத் தொடைச்சுக்க. நட, இன்னும் நானூறு ஸ்டெப் பாக்கி.”

இரண்டு நிமிடத்தில் பார்வை வந்துவிட்டது. வலியும் இல்லை. பிறகு என்ன? நடந்தோம். நானூறையும் முடித்தேன்!

மறுவாரம் சமையலறையில் மறுபடி இருட்டி, தானாகவே தெளிந்தது. “புதுக் கண்ணாடி போட்டுடலாம்” என்றேன். மூன்றாவது முறை... தெளியவில்லை.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். “ஆன்ட்டிக்கு வழக்கமா பிரஷர் எவ்ளோ அங்கிள்?”

“நூத்தி இருபத்தெட்டு” என்று ஆரம்பித்தேன்.

“அது அவரோடது டாக்டர்” என்றாள் கமலா. “எனக்குப் பார்த்ததே இல்ல லா.”

பார்த்தார்கள். இருநூறுக்குப் பக்கம்.

கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். அதிலிருந்து பெயர்ந்த துணுக்கு, கண்ணுக்கு ரத்தம் போகும் வழியை அடைத்துவிட்டதாம்.

“முதல் ரெண்டு தடவ வந்தது வார்னிங் அங்கிள். அன்னிக்கே எமர்ஜென்சிக்கு வந்திருக்கணும். இந்தத் துணுக்கு மூளைக்குப் போயிருந்தா ஸ்ட்ரோக். ஏன் வரல?”

“நான்தான் பெருசா எடுத்துக்கல டாக்டர்” என்றாள் கமலா.

பொய். அதை நான் திருத்தவில்லை. இங்கே திருத்துகிறேன் — அவள் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு கண் திடீரென இருட்டினால், உடனே தெளிந்துவிட்டாலும், அப்போதே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

கழுத்துக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்தக் கண்ணில் பார்வை இனி வராது. வெளியே போனால் இடப்பக்கம் துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் நடக்கிறேன்.

அந்தப் பக்கம் இருந்தால் என் முகம் அவளுக்குத் தெரியாது... எனக்கும் அதுதான் வசதியாக இருக்கிறது.