ஞாயிற்றுக்கிழமைக் கட்டில்

டாக்டர் கட்டைவிரலால் நோயாளியின் கணுக்காலை அழுத்துகிறார். விரலை எடுத்ததும் அங்கே ஒரு குழி விழுந்திருக்கிறது. அது மெல்ல நிரம்பி மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் கேட்கிறார்:

"நேத்து யார் வீட்ல விசேஷம்?"

"விசேஷமா? ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"அப்ப சும்மா வீட்ல உக்காந்துக்கிட்டே தான் இவ்ளோ தண்ணி குடிச்சீங்களா? நீங்க மறைப்பீங்க. கால் மறைக்குமா?"

கட்டிலில் படுத்திருப்பவர் பள்ளிக்கூடத்துப் பையன் போல அசடு வழிகிறார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல்.

சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு உடம்பில் சேரும் தண்ணீரே விஷம். வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து, சேர்ந்த நீரையும் வெளியேற்ற வேண்டும். அந்த டயாலிசிஸ் நிலையத்தைத்தான் இந்த அம்மாள் கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் நடத்துகிறார். ஒரே நீளமான அறை. ஜன்னலோரமாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் இயந்திரம், பின்பக்கம் எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு. யாரைப் பார்த்தாலும் குடித்த தண்ணீருக்குக் கணக்குக் கேட்பதால் நோயாளிகள் வைத்த பெயர் 'அளவு டாக்டர்'. அது அவருக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பார்.

ஆள் குள்ளம். நடை ஓட்டம். சாப்பிடுவதெல்லாம் நின்றுகொண்டே. நோயாளிகளுக்கு உப்பு ஆகாது என்று சொல்லிச் சொல்லி, வீட்டுச் சமையலிலும் உப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. அடுத்த தெருவில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் அவருடைய கணவர், தன் மேசை இழுப்பறையில், பல் பிடுங்கும் குறடுகளுக்குப் பக்கத்தில், ஒரு உப்பு டப்பாவை ஒளித்து வைத்துக் காலம் தள்ளினார். பல்லி ஒன்று சுவரில் ஓடினால் நாற்காலி மேல் ஏறி நின்று "என்னங்க!" என்று கத்தும் பெண்ணைத்தான் அவர் இத்தனை வருஷமாக அறிந்திருந்தார். தொற்று பரவிய அந்த வருஷத்தில்தான் தெரிந்தது, தான் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம் என்று.

ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த நாட்கள். பிறர் வாய்க்குள் பார்க்கும் தொழில் என்பதால் பல் டாக்டர் தன் கதவைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார். டயாலிசிஸை அப்படிப் பூட்ட முடியாது. மனைவி வழக்கம்போலப் போய் வந்தார்; உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் உடை, அதற்குள் வெந்துபோன முகம். ஒருநாள் காலை அவர் செருப்பை மாட்டும்போது தொலைபேசி அடித்தது. அவரிடம் நெடுநாளாக வரும் பஸ் கண்டக்டரின் மனைவி.

"அவருக்குத் தொத்து இருக்குன்னு சொல்லிட்டாங்க டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில மெஷின் காலி இல்லையாம். தனியார்ல எங்க போனாலும் வாசல்லயே நிறுத்திடறாங்க. மூச்சு வாங்குது. படுக்கவே முடியல, ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்காரு."

"நான் கூப்பிடறேன்" என்று வைத்தார். ஒரு கால் செருப்போடு, மறு கால் வெறுங்காலோடு அப்படியே நின்றார்.

பல் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "இங்க பாரு. உன் இடத்துல மத்த நோயாளிங்க இருக்காங்க. ஒருத்தர உள்ள விட்டா எல்லாருக்கும் ஆபத்து. முடியாதுன்னு சொன்னா உன்ன யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. நாம தனியார்தானே."

"அதாங்க. யாருமே கேக்க மாட்டாங்க" என்றார் அவர். "அத நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அன்று மாலைக்குள் முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை. அன்று மட்டும் தொற்று உள்ளவர்கள்; வாரத்துக்கு மூன்றுக்குப் பதில் ஒன்றாவது கிடைக்கும். அவர்கள் போனதும் தரை முதல் கூரை வரை கழுவித் துடைத்து, இயந்திரங்களை உள்ளும் புறமும் மருந்து ஓட்டிச் சுத்தம் செய்துவிட்டால், திங்கட்கிழமை மற்றவர்கள் வரலாம். இயந்திரங்களை ஓட்டும் டெக்னீஷியன் தலை குனிந்து நின்றான். "என் கொழந்தைக்கு இன்னும் பல்லுகூட மொளைக்கல டாக்டர்."

"நீ வராதப்பா. மத்த ஆறு நாளைக்கு நீ எனக்கு முழுசா வேணும்."

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை கூட யார்? வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தபோது பல் டாக்டரின் வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது. "நான் வரேன்."

"நீங்களா? நெறைய ரத்தம் பாக்க வேண்டியிருக்கும்."

"பல்லப் புடுங்கும்போது எனக்கு என்ன, பாலா வருது?"

வெகுநாளைக்குப் பிறகு மனைவி சிரித்தார்.

ஞாயிறு வந்தது. இருவர் வந்தார்கள்: கண்டக்டர், தையல்காரப் பெண் ஒருத்தி. அவளையும் பல வாசல்களில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கண்டக்டர் மாடிப்படியில் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறி வந்து, கதவருகே தயங்கினார். உள்ளே வரலாமா கூடாதா என்று அவருக்கே சந்தேகம். பிளாஸ்டிக் உடைக்குள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது: "படியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க!"

ஆயுசு முழுக்கத் தான் பிறரிடம் கத்திய வார்த்தை. அந்த மூச்சுத் திணறலிலும் மனிதர் சிரித்துவிட்டார்.

இருவர் கையிலும் ஊசி ஏற்றியானது. சிவந்த குழாய்கள் சுழன்றன. பாதி நேரம்கூட ஆகியிருக்காது, மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் கீழே கண்ணாடிக் கடையின் பின்கட்டில் இருந்தது. ஊரடங்கில் கடையோ பூட்டிக் கிடந்தது. இயந்திரங்கள் சற்று நேரம் பேட்டரியில் ஓடி, ஒன்றாகக் கூவ ஆரம்பித்தன. குழாய்க்குள் நிற்கும் ரத்தம் உறைந்துவிடும். உறைந்தால் அவ்வளவும் வீண். ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்புகள் அவை.

பல் டாக்டருக்குக் கை கால் ஓடவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். பல்லிக்கு நாற்காலி ஏறும் அந்தப் பெண், அவசரமே இல்லாமல், தையல்காரப் பெண்ணின் இயந்திரத்திலிருந்து ஒரு சின்னக் கைப்பிடியைக் கழற்றி, ரத்தத்தை ஓட்டும் பம்பில் பொருத்தி, கணவர் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

"சுத்துங்க. வேகம் வேணாம். தூளிய ஆட்டற மாதிரி, ஒரே சீரா. குழாய் வெள்ளையா ஆகற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

ஒரு பக்கக் குழாயை உப்பு நீர்ப் பைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் கண்டக்டரிடம் ஓடினார். அங்கே அவர் சுற்ற, இங்கே இவர் சுற்ற, உப்பு நீர் பின்னாலிருந்து தள்ளத் தள்ள ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உரியவர் உடம்புக்கே திரும்பியது. சுற்றிக்கொண்டே மனைவி பேசினார்: "என்ன கண்டக்டர், உங்க பஸ்ஸு நடுவழியில நின்னதே இல்லையா?"

"நின்னா எல்லாரையும் எறங்கித் தள்ளச் சொல்லுவேன் டாக்டர்."

"இப்ப நாங்க தள்ளறோம். நீங்க உக்காருங்க."

பல் டாக்டரின் முகக் கண்ணாடி ஆவியால் மங்கியது. கன்னத்தில் வழிவது வியர்வையா கண்ணீரா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. தன் கையில் சுற்றுவது ஒரு மனுஷியின் ரத்தம் என்ற நினைப்பே அவரைக் குனிய வைத்தது. இந்தக் காரியத்தை இவள் இத்தனை வருஷமாகச் செய்துவிட்டு வந்து, எதுவும் நடக்காதது போலத் தன்னோடு உப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டிருக்கிறாள்!

மின்சாரம் வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, விட்ட இடத்திலிருந்து ஓட்டினார்கள். முடியும் நேரத்தில் கண்டக்டர் கூச்சத்தோடு கேட்டார்: "டாக்டர், கொஞ்சம் படுத்துப் பாக்கட்டுமா?" கட்டிலைத் தாழ்த்தினார்கள். மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்து, ஒரு முழு மூச்சு இழுத்து விட்டார்.

அவர்கள் போன பிறகு கணவனும் மனைவியும் அறையைக் கழுவினார்கள். கட்டிலின் கால்களைக்கூட விடவில்லை.

திங்கட்கிழமை காலை வேறொரு சிக்கல் காத்திருந்தது. சேதி எப்படியோ கசிந்துவிட்டது. வழக்கமாக வருபவர்கள் நடையிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார்கள். முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சுகமில்லாத உடம்பிலும் குரல் மட்டும் வகுப்பறைக் குரல்.

"நீங்க நல்லது செஞ்சீங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அவங்க படுத்த கட்டில்ல எங்கள எப்படிப் படுக்கச் சொல்றீங்க? எங்க உசுரு மட்டும் என்ன, எளப்பமா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பயந்தவர்கள் திரும்பிப் போனாலும் அவர்கள் உயிருக்கு ஆபத்துதான். என்ன மருந்து, எப்படித் துடைத்தோம் என்று மனைவி விளக்குவார் எனப் பல் டாக்டர் எதிர்பார்த்தார். மனைவியோ செருப்பைக் கழற்றினார். கண்டக்டர் படுத்த அதே கட்டிலுக்குப் போனார். ஏறி, தலையணையில் கன்னத்தைப் பதித்து, ஒருக்களித்துப் படுத்தார்.

எல்லோரும் பார்த்தபடி நின்றார்கள். அவர் எழுந்து ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தார்கள். எழவில்லை. பல் டாக்டர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"தூங்கிட்டா" என்றார், கிசுகிசுப்பாக.

நடையில் சலசலப்பு. தலைமையாசிரியை திரும்பி, கூட்டத்தைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். பிறகு ஓசைப்படாமல் உள்ளே வந்து, அடுத்த கட்டிலில் ஏறிப் படுத்து, டெக்னீஷியனிடம் கையை நீட்டினார்.