கிணற்றுக்குப் பின்னால் ஒரு ஹெலிகாப்டர்

லிஜியை எங்கள் செங்கல் ஊரிலேயே பல பேருக்குத் தெரியாது. "ஷிஜுவுக்க பெண்டாட்டி" என்று சொன்னால், "ஓ, அந்தக் கேமரா வீடா?" என்பார்கள். அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். நான் லேகா, பாறசாலை டிப்போவில் கண்டக்டர். பஸ்ஸில் கத்திக் கத்தி எனக்கு வாய் நீண்டுபோய்விட்டது. லிஜிக்கு வாய் இருக்கிறதா என்றே சந்தேகம். அதனாலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

காஞ்சிரங்குளத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதற்கு முன்பு நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்தோடு அது நின்றது. புருஷன் ஷிஜுவுக்கு ஷார்ஜாவில் ஒரு குடோனில் வேலை. மாமியார் ஆனந்தபாய்க்கு மூட்டுவலி, எழுந்து நடக்க ஒரு கை வேண்டும். லிஜியின் ஒரே மகள் நர்சிங் படிக்க மங்களூருக்குப் போன பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும். ஷிஜுவுக்குப் பயம் வந்துவிட்டது. பாறசாலையில் கேமரா மாட்டித் தருகிற அனூப்பை அனுப்பி, வீட்டைச் சுற்றி நாலு கேமரா வைத்தான்.

திருடனுக்காக வைத்த கேமரா. திருடன் ஒருத்தனும் வரவில்லை. ஆகவே அது லிஜியைப் பார்க்க ஆரம்பித்தது.

"கேட்டு ஏன் தொறந்து கெடக்கு?" என்று ஷார்ஜாவிலிருந்து போன் வரும்.

"மீன்காரி வந்திருந்தா."

"அவகிட்ட இவ்வளவு நேரம் என்னத்தப் பேசின?"

இதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஷிஜு கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. ஒருநாள் வீடியோ காலில் என்னையும் கூப்பிட்டுப் பேசினான். "சேச்சி, எனக்க ரூமுக்கு ஜன்னலு கெடையாது. டூட்டி முடிஞ்சு வந்தா போனைத் தொறந்து வீட்டைப் பாத்துகிட்டு கெடப்பேன். எனக்கு ஜன்னலு அதாக்கும்" என்றான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு ஜன்னல் கிடைத்ததில் இவளுக்கு இருந்த கதவும் அடைபட்டுப்போனதே, அதை யார் சொல்வது?

ஹெலிகாப்டர் ஷிஜு வாங்கியதுதான். ஒரு லீவுக்கு வரும்போது கொண்டுவந்தான். ரிமோட்டில் ஓடுவது, முழங்கை நீளம் இருக்கும், பார்ப்பதற்கு அசல் ஹெலிகாப்டர் மாதிரியே. முதல் நாள் முற்றத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்துக் கிளப்பினான். அது ஆள் உயரம் எழும்பி, ஒருபக்கமாகச் சரிந்து, வாழையடியில் போய் விழுந்தது. றெக்கை இரண்டும் போச்சு. பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு லீவு முடிந்து போய்விட்டான்.

மகள் மங்களூர் போன வருஷம் லிஜி அந்தப் பெட்டியை இறக்கினாள். ஏன் என்று கேட்டேன். "சும்மா கெடக்குல்லா" என்றாள்.

புது றெக்கைகள் என் பெயருக்குப் பார்சலில் வந்தன. அவள் பெயருக்கு வந்தால் கேட் கேமராவில் கூரியர்காரன் தெரிவான், "என்ன வந்துது?" என்ற கேள்வி பின்னாலேயே வரும். விழும்போது கவிழாமல் இருக்க, இரண்டு மெல்லிய கம்பிகளைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் மகளுடைய பழைய டேபிள் டென்னிஸ் பந்துகளைக் குத்தி, அதன்மேல் ஹெலிகாப்டரை உட்காரவைத்தாள். யூடியூப்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவன் சொல்லித்தருகிறானாம்.

பறக்க இடம் வேண்டுமே. ஹாலில் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு டிவி, அதில் நாலு கேமராவும் நாலு கட்டமாகத் தெரியும். ஆனந்தபாய் சீரியலை விட்டுவிட்டு இப்போது அதைத்தான் பார்க்கிறாள். லிஜியும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் பார்த்திருக்கிறாள். அப்படித்தான் கண்டுபிடித்தாள்: மேற்கே கிணற்றுக்குப் பின்னால், மதிலை ஒட்டி, மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிய பிறகு வெறுமனே கிடக்கும் ஒரு துண்டு நிலம், எந்தக் கட்டத்திலும் வரவில்லை. துணி துவைக்கிற கல் அங்கே கிடப்பதால் அவள் அந்தப் பக்கம் போவதை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து நான் காப்பியோடு மதிலில் சாய்ந்து நிற்பேன். லிஜி துணிவாளிக்குள்ளிருந்து ஹெலிகாப்டரை எடுப்பாள். முதல் மாதம் அது தவளை மாதிரி தத்தியது, அவ்வளவுதான். அப்புறம் முழங்கால் உயரம். அப்புறம் இடுப்பு உயரம். பொழியூர்ப் பக்கமிருந்து கடற்காற்று அடிக்கிற நேரம் என்பதால் ஒரு நொடி கவனம் தப்பினால் இழுத்துக்கொண்டு போய்விடும். கேமராவின் எல்லையைத் தாண்டக் கூடாது, மதிலைத் தாண்டக் கூடாது, கிணற்றில் விழக் கூடாது. இந்த உலகத்தில் பத்தடிக்குப் பத்தடி இடத்தில் ஹெலிகாப்டர் ஓட்டப் பழகினவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"இதுல உனக்கு என்ன கிட்டுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது மேல நிக்கும்போ வேற எதையும் யோசிக்க முடியாது சேச்சி. கையும் கண்ணும் அதுலயே இருக்கணும். யாரு விளிச்சாலும் போக முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "போக முடியாதுன்னு சொல்ல எனக்கு வேற என்ன இருக்கு?"

காப்பி ஆறிப்போச்சு என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. ஹெலிகாப்டரின் வால் நம் பக்கம் இருக்கும்வரை வலது வலதுதான், இடது இடதுதான். அதன் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். இடப்பக்கம் தள்ளினால் நமக்கு வலப்பக்கம் போகும். அப்படி முகத்துக்கு முகம் அதை நிறுத்திவிட்டால் பாதி வித்தை கைக்கு வந்த மாதிரியாம். லிஜி அதில் எத்தனையோ றெக்கை முறித்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில் கை மாறிப்போகும்.

மாட்டிக்கொண்டது நிழலால். ஹெலிகாப்டர் கேமராவில் வராமல் அவ்வளவு பத்திரமாக ஓட்டினாள். சாயங்கால வெயில் மேற்கே இருந்து அடிக்க, அதன் நிழல் கிணற்றைத் தாண்டி நீண்டு முற்றத்தில் போய் ஆடியதை அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அந்த முற்றத்தைப் பார்க்கிற அடுக்களைப் பக்கக் கேமராவில் ஏதோ அசைகிறது என்று ஷார்ஜாவுக்குச் செய்தி போய்விட்டது.

போன் வந்தபோது லிஜியின் முகம் வெளுத்துவிட்டது. அது ஹெலிகாப்டர் நிழல் என்று ஒத்துக்கொண்டாள். ஷிஜு திட்டவில்லை. சிரித்தான்.

"நீ பறத்துவியா? நெசமா? எங்கிட்டச் சொல்லப்படாதா மக்கா?"

அவனுடைய சந்தோஷத்தைக் கேட்டு நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். எனக்கு எப்போதுமே புத்தி பிந்தித்தான் வரும். அடுத்த வாரம் அனூப் ஒரு பெட்டியோடு வந்தான். கேமரா வைத்த குட்டி டிரோன். உள்ளங்கையில் அடங்கும்.

"ஹெலிகாப்டரு மாதிரி கஷ்டம் ஒண்ணும் இல்ல," என்றான் அனூப். "கையை எடுத்தாலும் அந்தரத்துல அப்படியே நிக்கும். பேட்டரி தீரப்போனா எங்க கெளம்புச்சோ அங்க தன்னால திரும்பி வந்து எறங்கும். கெளம்பின எடத்தை அது வீடுன்னு ஓர்மை வச்சுக்கும்."

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஷிஜு வீடியோ காலில் வருவான். லிஜி முன்முற்றத்திலிருந்து டிரோனைக் கிளப்பி, அது பார்ப்பதையெல்லாம் அவனுக்குக் காட்ட வேண்டும். ரப்பர் தோட்டத்தைக் காட்டு. அந்தக் கீழ் மூலையைக் காட்டு. அடுத்த தோட்டத்து ராஜப்பன் அதிர் எல்லையில் புது வேலி போட்டிருக்கானா பாரு. இன்னும் கொஞ்சம் தாழ்த்து. கிணற்றுப் பக்கம் என்ன, துணி காயுதா? மாடியில் தண்ணித் தொட்டி மூடி கிடக்குதா? ரப்பர் முடிந்தால் வாழை, வாழை முடிந்தால் வீட்டுக் கூரை. அவன் பார்த்து முடிக்கும்போது வெளிச்சம் போயிருக்கும், மாமியாருக்குக் கஞ்சி வைக்கிற நேரம் வந்திருக்கும்.

ஹெலிகாப்டர் துணிவாளியிலேயே கிடந்தது. தனக்கென்று அவள் ரகசியமாகச் செய்துவந்த ஒரே காரியத்தை அவள் கையாலேயே அவனுக்கு ஜன்னலாக்கிவிட்டான். அவன் அதை அறிந்து செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அறிந்து செய்திருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

பிறகுதான் ஒருநாள் லிஜி மதில் பக்கம் வந்து, "சேச்சி, கையை எடுத்தாலும் அது அந்தரத்துல நிக்கும்னு சொன்னான்லா?" என்றாள். கண்ணில் ஒரு திருட்டுச் சிரிப்பு. நான் அதுவரை பார்த்திராத சிரிப்பு அது.

அன்று டிரோனை ரப்பர் தோட்டத்துக்கு மேலே கொண்டுபோய், கீழ் மூலையைப் பார்க்க வைத்து, அப்படியே நிறுத்திவிட்டாள். ரிமோட்டையும் போனையும் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். "நல்லா பாருங்க, காத்து உண்டு, அதனால அசைக்காம வச்சிருக்கேன்" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாளியிலிருந்து ஹெலிகாப்டரை எடுத்தாள். ஷிஜு அங்கே ரப்பர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் இங்கே பறந்துகொண்டிருந்தாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ஒரே ஒரு பிழை. முன்முற்றத்திலிருந்து டிரோனைக் கிளப்பிவிட்டு இந்தப் பக்கம் நடந்தால் ஆனந்தபாய் டிவியில் பார்ப்பாளே என்று, அன்றைக்கு மட்டும் கிணற்றுக்குப் பின்னாலிருந்தே கிளப்பியிருந்தாள்.

ஹெலிகாப்டர் மார்பு உயரத்தில் நின்றது. லிஜி மெல்லத் திருப்பினாள். பக்கவாட்டில் வந்தது. இன்னும் கொஞ்சம். மூக்கு அவளைப் பார்த்துத் திரும்பியது. சரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அது விழவில்லை. அவளும் அதுவும் முகத்துக்கு முகம் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேலே இன்னொரு இரைச்சல் கேட்டது. பேட்டரி தீரப்போகிற டிரோன் சொன்னது சொன்னபடி வீடு திரும்பிக்கொண்டிருந்தது. ரப்பரைத் தாண்டி, வாழையைத் தாண்டி, கிணற்றுக்குப் பின்னால் வந்து, பார்த்ததையெல்லாம் ஷார்ஜாவுக்குக் காட்டிக்கொண்டே நேராக அவளுக்குப் பக்கத்தில் இறங்க ஆரம்பித்தது.

கல்லின்மேல் கிடந்த போனிலிருந்து ஷிஜுவின் குரல் வந்தது. "லிஜி? யாரது, கிணத்துக்குப் பின்னால நிக்கது?"

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"லிஜி, அது நீயா? என்ன செய்யுத?"

"மிண்டாதீங்க," என்றாள் லிஜி. "இப்ப என்னால வர முடியாது."

அவள் தன் புருஷனிடம் வாயை மூடச் சொன்னதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான். டிரோன் அவள் காலடியில் இறங்கி அணைந்தது. ஹெலிகாப்டர் அதற்குப் பிறகும் நின்றது. அதன் பேட்டரி தளரத் தொடங்கிய பிறகுதான், ஒரு குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல அதைத் தரையில் இறக்கினாள். அப்புறம் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

அவன் அப்போதும் கத்தவில்லை. "அம்மை உள்ள தனியாக் கெடக்கா. அந்த றெக்கையில வெரலு கிரலு போனா ஆரு பாப்பா? நான் இங்கயில்லா கெடக்கேன்" என்றான். குரல் நடுங்கியது என்று லிஜி சொன்னாள். அன்பாகச் சொல்கிறவனிடம் எதை வைத்துச் சண்டை போடுவது? அவள் சரி என்றாள். ஹெலிகாப்டரை அனூப்பிடம் கொடுத்துவிடச் சொன்னான். அதற்கும் சரி என்றாள்.

சனிக்கிழமை அனூப் ஐந்தாவது கேமராவோடு வந்தான். கிணற்றடிப் பிலாமரத்தில் ஏணி சாத்தி அவன் ஏற, லிஜிதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏணிக்குக் கீழே அவன் கொண்டுபோக ஹெலிகாப்டர் பெட்டி கட்டி வைத்திருந்தது. ஷிஜு போனில் இருந்தான். "கொஞ்சம் இடப்பக்கம். ஆ, அது மதி, போதும். லிஜி, நீ அங்க போயி நில்லு."

அவள் போய் அந்தப் பத்தடி நிலத்தின் நடுவில் நின்றாள்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரியுது. இனி ஒண்ணு அசை. அசைஞ்சா எனக்கு மெசேஜ் வரணும்."

லிஜி இரண்டு கைகளையும் வயிற்றுக்கு நேரே கொண்டுவந்து, ரிமோட்டைப் பிடித்திருப்பது போல வைத்துக்கொண்டாள். பார்வை கிணற்றுக்கு மேலே, மார்பு உயரத்தில், ஒன்றுமில்லாத ஒரு இடத்தில் நின்றது. மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்தேன். அவளுடைய இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் மெல்ல, மிக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

"மெசேஜ் ஒண்ணும் வரல்லியே," என்றான் ஷிஜு. "அசைன்னு சொன்னேன்லா?"

"அசையுதேன்," என்றாள் லிஜி.