தூக்குவாளிச் சத்தம்

போன மழைக்காலத்தில் போடியிலிருந்து ஜீப்பில் என் அப்பத்தாவோடு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனேன். போனில் சிக்னல் தேடிக்கொண்டே தனியாகச் சரிவில் இறங்கினேன், புத்தியில்லாமல். திடீரென்று மூடுபனி இறங்கி, என் கையே எனக்குத் தெரியவில்லை. ஓரடி வைத்தேன், காலடி மண் சரிந்தது. “அப்பத்தா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்பத்தாவுக்கு இளைப்பு, சத்தம் போட முடியாது. தூக்குவாளியைக் கல்லால் தட்ட ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம், நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே தவழ்ந்து மேலே வந்தேன். அவள் விரலெல்லாம் ரத்தம்.

“அழுவாத தாயி. வெரசா வா, ஜீப்பு போயிரும்” என்றாள். அவ்வளவுதான்.

தை மாதம் அப்பத்தா போய்விட்டாள். இப்போதெல்லாம் பனி இறங்கினால் நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டேன். தட்டுவதற்கு அவள் இல்லையே.