மாமாவுக்கு அம்மா எடுத்த கோடி

மாமா தவறிவிட்ட செய்தி வந்தபோது நான் கூலிமில், தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தின் சென்சாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். விடுப்பு சொல்வது, கரங்கான் வீட்டில் அம்மாவை ஏற்றிக்கொள்வது, மாலை அசர் தொழுகைக்கு முன் மாமாவின் ஊரான திகாம் பத்துவுக்குப் போய்ச் சேர்வது என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். தொழுகை முடிந்ததும் அடக்கம். தாமதித்தால் அம்மா தன் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாது.

அம்மா இன்னொன்றையும் சேர்த்தார்.

"துணிக்கடையில நிறுத்துடி. அண்ணனுக்குக் கோடி எடுக்கணும். பொறந்த வீட்டுத் துணி இல்லாம அனுப்பக் கூடாது."

"அவங்க முறை வேறம்மா. கோடிய எங்க போடுறது?"

"எடுத்துட்டுப் போவோம்லா. வேணான்னா திரும்பக் கொண்டாந்துடலாம்."

மாமா ரப்பர் தோட்டத்தை விட்டுப் போய், தான் வேலை பார்த்த நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரரின் மகளைக் கல்யாணம் செய்து, இஸ்லாத்துக்கு மாறியவர். அந்த வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாது என்றார் தாத்தா. தாத்தா இறந்த பிறகும் அம்மா போகவில்லை. தீபாவளிக்கு மாமாதான் வருவார், தனியாக. அவருக்கு ஹலாலாகச் சமைக்க அம்மா தனிச் சட்டியே வைத்திருந்தார். "என்னைவிட இந்தச் சட்டிக்குத்தான் இங்க மரியாதை" என்று மாமா சிரிப்பார். மாமியை அம்மா ஒரு முறையும் அழைத்ததில்லை.

"அண்ணி உள்ள விடலைன்னா?" என்று காரில் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். இப்படி மதம் மாறியவர்களின் உடலுக்காக உறவுகள் அடித்துக்கொண்ட கதைகள் எனக்கும் தெரியும். காரை இன்னும் வேகமாக ஓட்டினேன்.

முற்றத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். அம்மா துணிப்பையுடன் கேட்டருகே நின்றுவிட்டார். மாமியே வெளியே வந்தார்.

"அங்க ஏன் நிக்கிற? உனக்காகத்தான் இன்னும் குளிப்பாட்டாம வச்சிருக்கோம்."

"அண்ணி, இது எங்க வழக்கம்... வேணான்னா..."

மாமி பையைப் பிரித்தார். வெள்ளை வேட்டி. பக்கத்தில் நின்ற தன் அண்ணனிடம் திரும்பினார். "அண்ணே, குளிப்பாட்டும்போது மேல மூட ஒரு துணி கேட்டீங்களே, இது ஆகுமா?"

அவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். "புதுசுதானே, தாராளமா ஆகும்."

அம்மா உள்ளே போய் மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. மாமி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மாமாவைக் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தித் தூக்கிப் போனார்கள். பெண்கள் வீட்டிலேயே இருந்தோம். இருட்டுவதற்குள் கிளம்பலாம் என்று நான் கார் சாவியை எடுத்தேன்.

"இத்தனை வருசம் வராதவ, வந்ததும் ஓடுறாளா?" என்றார் மாமி.

அம்மா என்னைப் பார்த்தார். "நீ கெளம்பு. நான் ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்."

"மாத்துத் துணி?"

"அண்ணி கைலி தரேன்னாங்க."



"சரிம்மா" என்றேன். சாவியோடு காருக்கு நடந்தேன்.